சிறிய அருங்காட்சியகங்களுக்கிடையே பன்னாட்டுப் பணியாளர் பரிமாற்றம்: முழுமையான வழிகாட்டி

மூன்று பேர் மட்டுமே பணிபுரியும் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் மூன்று வாரம் வெளிநாடு சென்றால், நிறுவனத்தின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அந்நாட்களில் இல்லை என்று பொருள். பணியாளர் பரிமாற்றம் பற்றி வெளிவரும் விதிமுறைகளில் பெரும்பாலானவை, துறைக்கொரு குழு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்தக் கணக்கு அவற்றில் வருவதே இல்லை. சீட்டு கொடுப்பவரே பதிவேடு எழுதி, அவரே பள்ளி மாணவர்களுக்கு விளக்கமும் சொல்லி, மாலையில் பூட்டுப் போட்டுச் செல்லும் இடங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அறக்கட்டளை, கல்லூரி, திருச்சபை, தோட்ட நிறுவனம் ஆகியவை நடத்தும் அருங்காட்சியகங்களும், ஒரு காப்பாட்சியரை நம்பி இயங்கும் மாவட்ட அரசு அருங்காட்சியகங்களும் இவ்வகையில் அடங்கும்.

முழு வழிகாட்டியும் ஒரே கருத்தின் மேல் நிற்கிறது. செல்பவர் அங்கே தம் கையால் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று முன்னதாகவே எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத பரிமாற்றம் அரசுச் செலவிலோ அறக்கட்டளைச் செலவிலோ நடக்கும் சுற்றுலாவாகவே முடிகிறது.

முதல் படி: குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

“உலகத் தரத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்பது நோக்கம் ஆகாது. “எங்கள் சேமிப்பறையில் இருக்கும் துணிகளில் பூச்சி அரிப்பு நிற்கவில்லை; மருந்தடிக்காமல் அதை நிறுத்தும் முறையைக் கற்க வேண்டும்” என்பது நோக்கம். “பழைய பதிவேட்டிலுள்ள எண்ணுக்கும் பொருளின் மேல் எழுதப்பட்டுள்ள எண்ணுக்கும் பொருத்தமில்லாதவற்றைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும்” என்பதும் நோக்கம். இவ்வாறு எழுதினால்தான் யாரைத் தேடுவது, யாரை அனுப்புவது, எத்தனை நாள் தேவை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தானாக வரும்.

அதே தாளின் மறுபக்கத்தில், தங்களால் பிறருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியது எது என்பதையும் எழுத வேண்டும். சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் தயங்கும் இடம் இதுதான், தயக்கத்துக்குக் காரணமில்லை. ஓலைச்சுவடியைத் துடைத்து, புல்தைலம் தடவி, மரச்சட்டம் மாற்றிக் கட்டும் வேலையை நாள்தோறும் செய்யும் கைகள் ஐரோப்பாவின் சிற்றூர் அருங்காட்சியகங்களில் இல்லை. ஆனால் ஓலைச்சுவடிகள் அங்கும் சில பெட்டிகளில் கிடக்கின்றன. செப்புத் திருமேனிகளின் பச்சை அரிப்பைக் கையாள்வதில், 1930-களிலேயே மின்பகுப்பு முறையைப் பயன்படுத்திய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருந்தது. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவராகப் போய் நின்றால் அது பரிமாற்றம் ஆகாது, பயிற்சி உதவி மட்டுமே ஆகும். அடுத்த ஆண்டு எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் வருவதற்கான காரணமும் அத்துடன் போய்விடும்.

இரண்டாம் படி: இணை நிறுவனத்தைத் தேடுதல்

பெயர் பெற்ற நிறுவனத்துக்கு எழுதுவதைவிட, தங்களைப் போலவே இருக்கும் நிறுவனத்துக்கு எழுதுவது பலன் தரும். ஒப்புமை மூன்று வகையில் அமையலாம்: சேகரிப்பில், அளவில், மொழியில். மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் போதுமானது.

சேகரிப்பில் உள்ள உறவுக்குத் தரங்கம்பாடி நல்ல எடுத்துக்காட்டு. 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்திலுள்ள பிராங்கே நிறுவனங்கள் என்ற கல்வி, அறப்பணி அமைப்பின் பின்னணியில் வந்தவர். அந்த மிஷனின் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இன்றும் ஹாலேயில் இருக்கின்றன. தரங்கம்பாடியில் அவர் வாழ்ந்த இல்லத்தில் இன்று செயல்படும் அருங்காட்சியகம் அந்த நிறுவனங்களின் துணையோடு உருவானது. ஒரே வரலாற்றின் இரு பாதிகளை இரு ஊர்கள் வைத்திருக்கும்போது, பணியாளர் ஏன் வர வேண்டும் என்று எவரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஹாலேயின் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் எப்படி எழுதப்பட்டுள்ளன என்று சரிபார்க்கத் தமிழறிந்தவர் தேவை. தரங்கம்பாடியின் காட்சிக் குறிப்புகளைச் சரிபார்க்க ஹாலேயின் ஆவணங்கள் தேவை. 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த அதே ஊருக்கு டென்மார்க்கின் பக்கமும் இதே போன்ற ஒரு தொடர்பு உண்டு.

வெளிநாடு என்றவுடன் ஐரோப்பாவையே நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது; செலவுக்கும் விசாவுக்கும் அதுவே மிகக் கடினமான திசை. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் ஒரு தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது; கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925-இல் கட்டப்பட்ட தேயிலை ஆலைக் கட்டடத்தில் மற்றொன்று இருக்கிறது; இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் வரலாற்றுக்கென்றே தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான பழைய லயன் அறையில் அமைந்த ஒன்றும் இருக்கிறது. இவற்றுக்கிடையே ஒரு பரிமாற்றம் அமைந்தால், உருட்டு இயந்திரத்தின் துருவை நீக்குவது முதல் ஓய்வுபெற்ற கொழுந்து பறிப்பவரிடம் வாய்மொழி வரலாறு கேட்பது வரை அனைத்தையும் தமிழிலேயே செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத பரிமாற்றத்தில் இரண்டு வாரத்தில் நடக்கும் வேலை, தேவைப்படும் பரிமாற்றத்தில் ஒரு மாதமானாலும் நடப்பதில்லை என்பது என் கருத்து.

தேடுவதற்கு எளிய வாயில் ஐகாம் என்ற பன்னாட்டு அருங்காட்சியக மன்றம். 1946-இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்புக்கு நாடுதோறும் தேசியக் குழுக்களும், பாதுகாப்பு, ஆவணப்படுத்தல், கல்வி, ஆடை எனத் துறைவாரியான பன்னாட்டுக் குழுக்களும் உண்டு. துறைக் குழுவின் வழியாகச் செல்வதே நல்லது. துணி பற்றிய கேள்விக்குத் துணி அறிந்தவரே மறுமொழி எழுதுவார். முதல் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அருங்காட்சியகம் எந்த ஊரில் உள்ளது, எத்தனை பொருள்கள், எத்தனை பணியாளர், என்ன குறை, என்ன தர முடியும் என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். நிறுவனர் வரலாறும் அமைச்சர் வருகைப் படங்களும் வேண்டாம்.

மூன்றாம் படி: யார் போவது, இங்கே யார் பார்த்துக்கொள்வது

பெரும்பாலும் இயக்குநரோ அறங்காவலரோ சென்று வருகிறார்கள். சாவியை வைத்திருப்பவர் இங்கேயே இருக்கிறார். குறை சேமிப்பறையில் இருந்தால் சேமிப்பறையில் வேலை செய்பவரே போக வேண்டும். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்பது பெரிய தடையில்லை. பொருளைத் தூக்குவது, சுற்றுவது, எண் எழுதுவது, அளவெடுப்பது போன்றவை கண்ணால் பார்த்துக் கையால் கற்கும் வேலைகள். ஐம்பது சொற்களும் ஒரு படப் பட்டியலும் கொண்டு அவற்றைக் கடந்துவிடலாம். பதவி உயர்வுக்காகவோ பணிமூப்புக்காகவோ ஆளைத் தேர்வு செய்தால் அந்தப் பயன் அவரோடு முடிந்துவிடும். ஓய்வு பெற ஓராண்டே இருப்பவரை அனுப்புவதும் இதே வகைப் பிழை.

அவர் இல்லாத நாள்களுக்கான ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்: சாவிகள் யாரிடம், நன்கொடைப் பொருள் வந்தால் யார் கையெழுத்திட்டுப் பெறுவது, மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் யாரை அழைப்பது. வடகிழக்குப் பருவமழை மாதங்களான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களிலிருந்து எவரையும் அனுப்பாமல் இருப்பது நல்லது. பள்ளிச் சுற்றுலாப் பருவத்தையும் தவிர்க்கலாம். கால அளவைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வாரம் சிறிய நிறுவனத்துக்கு ஏற்றது. அதற்கும் குறைந்தால் முதல் வாரம் பழகுவதிலேயே போய்விடும். கூடினால் இங்கே வேலை தேங்கும்.

நான்காம் படி: வேலைத் தாள்

இதைத்தான் மிகுந்த பொறுமையோடு தயாரிக்க வேண்டும். இரு தரப்பும் கூடி, விருந்தினர் செய்து முடிக்கும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் எல்லையை எண்ணால் குறிக்க வேண்டும். “பாதுகாப்பு முறைகளை அறிதல்” என்று எழுதாமல், “ஓர் அலமாரியின் நான்கு தட்டுகளிலுள்ள மரப்பொருள்களை வெளியே எடுத்து, தூசு நீக்கி, நிலை குறித்து, படமெடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, மீண்டும் அடுக்குதல்” என்று எழுத வேண்டும். வேலை முடிந்ததா இல்லையா என்பதை எவரும் பார்த்துச் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

சேமிப்பறை ஒழுங்கமைப்பைப் பொதுவேலையாக எடுத்துக்கொள்ள விரும்புவோருக்கு ஆயத்தமான ஒரு முறை உண்டு. பண்பாட்டு மரபுப் பாதுகாப்புக்காக ரோமிலிருந்து இயங்கும் பன்னாட்டு அமைப்பான இக்ரோம் யுனெஸ்கோவுடன் இணைந்து உருவாக்கிய ‘ரீ-ஆர்க்’ என்ற அந்த முறை, பணமும் ஆளும் குறைந்த சிறிய அருங்காட்சியகங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. மேலாண்மை, கட்டடமும் இடமும், சேகரிப்பு, அறைகலன் என்று நான்காகப் பிரித்துக்கொண்டு, தங்கள் சேமிப்பறையின் நிலையைத் தாங்களே மதிப்பிட்டு, இருக்கும் பலகையையும் அலமாரியையும் வைத்தே அறையைத் திருப்பி அமைக்க அது வழிகாட்டுகிறது. இரு நாட்டு அருங்காட்சியகங்களும் ஒரே படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு சந்தித்தால், முதல் நாளிலேயே பேசுவதற்குப் பொதுவான மொழி கிடைத்துவிடுகிறது.

ஐந்தாம் படி: ஒப்பந்தம்

இரண்டு பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும். யாருடைய ஊதியம் யார் பொறுப்பு, பயணச்சீட்டு, தங்குமிடம், உணவுப்படி, காப்பீடு, வேலை நேரம், விடுமுறை, இடையில் திரும்ப நேர்ந்தால் செலவு ஆகியவை அதில் வர வேண்டும். செல்பவரின் ஊதியத்தை அவருடைய நிறுவனமே தொடர்ந்து தருவது நடைமுறையில் எளிது. விருந்தளிக்கும் நிறுவனம் ஊதியம் தரத் தொடங்கினால் பல நாடுகளில் அது வேலைவாய்ப்பாகக் கருதப்பட்டு வேறு வகை விசா தேவைப்படும்.

பலரும் விட்டுவிடும் இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்று, விருந்தினர் கையில் பொருள் உடைந்தால் என்ன செய்வது என்பது. அது நிகழ்வை அதே நாளில் எழுதிக் கையெழுத்திடும் முறையாக இருக்க வேண்டுமே தவிர, அபராதமாக இருக்கக் கூடாது. மற்றொன்று படங்கள். விருந்தினர் கைப்பேசியில் எடுக்கும் படத்தில் சேமிப்பறையின் பூட்டும் சாளரமும் தெரியலாம். நன்கொடையாளர் பெயர் தெரியலாம். வழிபாட்டில் இருந்த திருமேனி தெரியலாம். எந்தப் படத்தைப் பொதுவெளியில் இடலாம் என்பதை வாய்மொழியாக விட்டுவிடாமல் ஒப்பந்தத்தில் எழுதுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ஐகாமின் நெறிமுறைக் கோவையை இருவரும் பின்பற்றுவதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டால் மீதிச் சிக்கல்களுக்கு அது பொது அளவுகோலாகும்.

ஆறாம் படி: பணம்

இந்தியாவில் இயங்கும் அறக்கட்டளைகள் முதலில் பார்க்க வேண்டியது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். வெளிநாட்டு இணை நிறுவனத்திடமிருந்து பணத்தை அறக்கட்டளைக் கணக்கில் பெற வேண்டுமானால் அச்சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ தேவை; 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தொடங்கப்பட்ட கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு இல்லாத சிறிய அருங்காட்சியகங்கள், ஒவ்வொரு தரப்பும் தன் நாட்டில் ஆகும் செலவைத் தானே ஏற்பது என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டால் பணம் எல்லை தாண்ட வேண்டிய தேவை பெருமளவு குறையும்: நாம் போனால் தங்குமிடமும் உணவும் அவர்களுடையவை, அவர்கள் வந்தால் அவை நம்முடையவை. எதுவாயினும் தணிக்கையாளரிடம் எழுத்தில் கருத்துப் பெற்றபின் தொடங்குவதே முறை.

அரசு அருங்காட்சியகப் பணியாளர்களுக்கு இதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு பொருந்துகிறது. அரசு ஊழியரோ அரசுக்குச் சொந்தமான அமைப்பின் பணியாளரோ வெளிநாட்டில் இருக்கும்போது அந்நாட்டு நிறுவனத்தின் தங்குமிடம், பயணம் போன்ற விருந்தோம்பலை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி தேவை. துறையின் தடையின்மைச் சான்று ஒரு கோப்பு, இந்த அனுமதி வேறொரு கோப்பு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்துவிட்டதாக எண்ணிப் பயணச்சீட்டு வாங்கிவிடக் கூடாது.

உதவித்தொகைகளில், பிரிட்டனுக்குச் செல்லும் இந்தியர்களுக்கு 1981-இல் நிறுவப்பட்ட சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை கலை, மரபுப் பாதுகாப்புத் துறைகளில் குறுகிய பயணங்களுக்கு உதவி வருகிறது. பிரிட்டிஷ் மியூசியம் 2006 முதல் நடத்திவரும் பன்னாட்டுப் பயிற்சித் திட்டம் இருவழிப் பரிமாற்றம் அன்று. எனினும் அதில் பங்கேற்போர் லண்டனுக்கு வெளியே உள்ள பிற அருங்காட்சியகங்களிலும் சில நாள் பணிபுரிகிறார்கள், சிறிய நிறுவனத்துக்கான இணை அந்தத் தொடர்பில் கிடைக்க வாய்ப்புண்டு. ஐரோப்பிய ஒன்றியத்து அருங்காட்சியகங்கள், கல்வி, பயிற்சிப் பயணங்களுக்கு ஒன்றியம் நிதி தரும் ‘எராஸ்மஸ் பிளஸ்’ திட்டத்தின் முதியோர் கல்விப் பிரிவில் 2 முதல் 60 நாள் வரை பணியாளரை வேறு நிறுவனத்தில் உடனிருந்து கற்க அனுப்பலாம். ஆனால் அது பெரும்பாலும் அத்திட்டத்தில் சேர்ந்த நாடுகளுக்கிடையே மட்டும் நடப்பது. ஐரோப்பிய இணை “எங்களிடம் எராஸ்மஸ் நிதி இருக்கிறது” என்று சொன்னவுடன் மகிழ்ந்துவிடாமல், அது இந்தியாவுக்கோ இலங்கைக்கோ செல்லுமா என்று கேட்டுவிட வேண்டும்.

ஏழாம் படி: விசாவும் தங்குமிடமும்

ஷெங்கன் நாடுகளுக்கான, அதாவது ஒரே விசாவில் சென்று வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கான, குறுகிய கால விசா எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க இடம் தராது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அழைப்புக் கடிதத்தில் “வேலை” என்ற சொல் எப்படி வருகிறது என்பது முக்கியம். செய்யப்போவதை மறைக்காமல், ஊதியமின்றிப் பிற நிறுவனத்தில் உடனிருந்து கற்பது என்று தெளிவாக எழுதி, எந்த வகை விசா பொருந்தும் என்று அந்தத் தூதரகத்திடமே கேட்க வேண்டும். அமெரிக்காவுக்கு இத்தகைய பரிமாற்றங்கள், பரிமாற்றப் பயணிகளுக்கென்றே உள்ள ஜே-1 விசாவில் நடக்கின்றன. அதற்கு அங்கே அங்கீகாரம் பெற்ற ஆதரவு நிறுவனம் ஒன்று வேண்டும், சிறிய அருங்காட்சியகம் தானாக அதைத் தர முடியாது.

வெளிநாட்டவர் இந்தியாவுக்கு வரும்போது சுற்றுலா விசாவில் வந்து சேமிப்பறையில் வேலை செய்ய விடக் கூடாது. அவர் பணியாளர் வீட்டிலோ அறக்கட்டளை விருந்தினர் அறையிலோ தங்கினாலும், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு இணையவழியில் தகவல் தர வேண்டும். ‘சி’ படிவம் என்று வழக்கில் சொல்லப்படுவது இதுதான். விடுதிகள் தாமே செய்துவிடும். வீட்டில் தங்கவைப்பவர்கள்தாம் மறந்துவிடுகிறார்கள்.

எட்டாம் படி: பணிக்காலம்

முதல் இரண்டு நாளில் பொருள் எதையும் தொடாமல், அவசர வழி, தீயணைப்பான், பதிவேட்டின் அமைப்பு, கையுறை எதற்கு, வெறுங்கை எதற்கு ஆகியவற்றைக் காட்டிவிட வேண்டும். பிறகு வேலைத் தாளை எடுத்துவிடலாம். நாள்தோறும் மாலை பதினைந்து நிமிடம் இருவரும் உட்கார்ந்து, அன்று வேறாகச் செய்தது எது என்று ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதுவது மிகவும் பயன்படும். பாராட்டு இங்கே தேவையில்லை, வேறுபாடுகளே தேவை.

ஒரு நாட்டில் சரியான முறை இன்னொரு நாட்டில் கேடு செய்யும் என்பதற்கு ஈரப்பதத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் 40 முதல் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தை இலக்காகக் கொள்கின்றன. நாகப்பட்டினத்திலோ யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் பெரும்பகுதி வெளிக்காற்றின் ஈரப்பதம் அதற்கு மிக மேலே நிற்கிறது. விருந்தினர் சொன்னார் என்று குளிர்சாதனத்தைப் பொருத்தி, காலை பத்து மணிக்குப் போட்டு மாலை ஐந்தரைக்கு அணைத்தால், அறையின் ஈரப்பதம் நாள்தோறும் இறங்கி ஏறும். மரம் விரியும், சுருங்கும், வண்ணம் உதிரும். குளிர்ந்த பொருள் மேல் ஈரம் படிந்து பூஞ்சையும் பிடிக்கும். இரவும் பகலும் தொடர்ந்து ஓட்ட முடியாத குளிர்சாதனத்தைவிட, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, காற்று ஓட விட்ட அலமாரியே மேல். இதை விருந்தினருக்கு எடுத்துச் சொல்வதும் பரிமாற்றத்தின் பகுதியே.

நேர்மாறாக, அப்படியே எடுத்துவரத்தக்க முறைகளும் உண்டு. துணிப் பூச்சிக்கு ஐரோப்பியச் சிற்றூர் அருங்காட்சியகங்கள் கையாளும் உறைவித்தல் அவற்றில் ஒன்று. துணியைப் பாலித்தீன் உறையில் காற்றை இயன்றவரை வெளியேற்றி மூடி, கழித்தல் 30 பாகை செல்சியசில் மூன்று நாளோ, கழித்தல் 20-இல் ஒரு வாரத்துக்குக் குறையாமலோ வைக்கிறார்கள். எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிப்பதில்லை, பிரித்தால் துணியிலேயே நீர் படியும். கடைகளில் ஐஸ்கிரீம் வைக்கும் டீப் ஃப்ரீசர் போன்ற பெட்டியே இதற்குப் போதும். நம் ஊரில் சேர்க்க வேண்டிய விதி ஒன்றுதான்: இடையில் மின்சாரம் நின்று வெப்பம் ஏறினால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வண்ணம் பூசிய மரம், கண்ணாடி, தந்தம், பலவகைப் பொருள் ஒட்டிச் செய்தவை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு வல்லுநரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

விடைபெறும் நாளில் கவனிக்க வேண்டியது பரிசு. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளையும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புள்ள சுவடியையும் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. இலங்கையிலும் தொல்பொருள் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும். அன்பு மிகுதியால் கொடுக்கும் பழைய பித்தளை விளக்கு விமான நிலையச் சுங்கத்தில் விருந்தினரை நிறுத்திவைக்கும். அது தொல்பொருள் அன்று என்ற சான்று தொல்லியல் துறையிடமிருந்து வரும்வரை விளக்கும் நகராது. புதுத் துண்டும் தென்னங்கருப்பட்டியும் போதும். ஆய்வு மாதிரியாக ஒரு துண்டு ஓலையையோ வண்ணச் செதிலையோகூடக் கையில் கொடுத்தனுப்பக் கூடாது.

ஒன்பதாம் படி: திரும்பிய பின்

அறிக்கை நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும். இங்கே மாற்ற வேண்டியவை எவை, மாற்றக் கூடாதவை எவை, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு என்ன என்பவையே அதன் உள்ளடக்கம். அந்தப் பட்டியலிலிருந்து பணமே தேவைப்படாத ஒன்றை முதல் மாதத்தில் செய்துவிட வேண்டும், ஏனெனில் நிதி வரும் என்று காத்திருக்கும் பரிந்துரைகள் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. சென்று வந்தவர் மற்றவர்களுக்கு ஒரு பிற்பகல் செய்து காட்ட வேண்டும், பேச்சாக அல்லாமல் அலமாரி முன் நின்று.

எதிர்ப்பயணத்தின் தேதி, முதல் பயணம் முடிவதற்கு முன்பே குறிக்கப்பட வேண்டும். அது ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனால் எதிர்த்தரப்பில் ஆள் மாறிவிடுவார், சிறிய நிறுவனத்தில் ஆள் மாறினால் தொடர்பும் அறுந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஆறாம் மாதத்தில் ஒரு காணொளி அழைப்பை வைத்துக்கொண்டு, விருந்தினர் ஒழுங்குபடுத்திய அதே நான்கு தட்டுகளைக் கைப்பேசியில் காட்டி, எண்கள் பொருந்துகின்றனவா, புதிய பூச்சித் துளைகள் உள்ளனவா என்று இரு பக்கமும் சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வருபவருக்கான அடுத்த வேலைத் தாளை அந்தக் குறிப்பிலிருந்தே எழுதலாம்.